பெங்களூரின் தென்கிழக்கு எல்லைப்புறம்: பொம்மனஹள்ளி - பேகூர் வட்டாரத்தின் குடியேற்ற வரலாறு

பொம்மனஹள்ளி, பெங்களூர் நகரின் தென்கிழக்கில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய பகுதி. மத்தியப் பட்டு வாரியச் சந்திப்புக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவே இருக்கிறது. வடக்கே மடிவாளா, வடகிழக்கே அகரம், தெற்கே பேகூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மேட்டுநிலத்தில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. பெய்யும் மழையைத் தேக்கினால் ஊர், தேக்காவிட்டால் முட்காடு. இங்கே குடியேறியவர்களின் வரலாறு ஏரி வெட்டியவர்களின் வரலாறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கன்னட நாடும் தமிழ் நாடும் உரசிக்கொள்ளும் இந்த எல்லைப்புறம் கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தின் கீழிருந்த கெம்பே கவுடர்கள், பிஜாப்பூர், மராத்தியர், மைசூர் உடையார், ஹைதர் அலி, திப்பு, ஆங்கிலக் கம்பெனி என்று கைமாறிக்கொண்டே வந்தது. நகர வரலாற்று நூல்கள் பெரும்பாலும் 1537இல் கெம்பே கவுடர் கோட்டை கட்டியதிலிருந்து தொடங்கும். அந்தத் தொடக்கம் தாமதமானது என்பதற்குச் சான்று பொம்மனஹள்ளிக்கு அருகிலேயே கல்லில் வெட்டப்பட்டுக் கிடக்கிறது.

கல் சொல்லும் ஊர்

பேகூரின் பழைய பெயர் கங்கர் கல்வெட்டுகளில் பெம்பூர், தமிழ்க் கல்வெட்டில் வெப்பூர். அங்குள்ள நாகேசுவரர் கோயில் வளாகத்தில், கி.பி. 890 அளவில் பொறிக்கப்பட்ட ஒரு சிறு நடுகல் இருக்கிறது. கங்கரின் கீழ் இவ்வட்டாரத்தை ஆண்ட நாகத்தரனின் வீட்டைச் சேர்ந்த ஒருவர் ‘பெங்களூர்க் காளக’த்தில் இறந்தார் என்கிறது அது. காளகம் என்றால் கன்னடத்தில் போர். பெங்களூர் என்ற பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. ஊர்ப் பெயர் வரலாற்றுக்குள் நுழைவது ஒரு சாவுச் செய்தியோடு! எல்லைப்புற ஊருக்கு வேறு எப்படிப் பெயர் வந்திருக்க முடியும் என்றும் தோன்றுகிறது.

இதே பேகூரிலிருந்து எடுக்கப்பட்ட பெரிய நடுகல் இப்போது கஸ்தூரிபா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்து வீரமகேந்திரனோடு தும்பேபாடி என்ற இடத்தில் நடந்த சண்டையில் நாகத்தரன் மடிந்த செய்தி அதில் உள்ளது. கல்லின் முகம் முழுக்க யானை, குதிரை, வில், வாள், காலடியில் விழுந்த உடல்கள். சற்று விலகி நின்றால் நெரிசல்தான் தெரியும். கிட்டே போனால் ஒவ்வொரு கையும் தனித்தனியாகப் பிடிபடும். படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். கல்லின் எழுத்துதான் அதைவிட முக்கியம். நாகத்தரன் இறந்த பிறகு கங்க மன்னன் எறெயப்பன், இருகன் என்பவனுக்குப் பட்டம் கட்டி, ‘பெம்பூர்ப் பன்னிரண்டு’ என்ற ஊர்த்தொகுதியைக் கொடுத்தான் என்று அது பதிவுசெய்கிறது. எல்லையில் ஒருவன் செத்தால் இன்னொருவனை நிறுத்த வேண்டும், நிற்பவனுக்குச் சோறு போட ஊர்கள் வேண்டும். பன்னிரண்டு ஊர் என்பது அந்த ஏற்பாடு. இன்றைய பொம்மனஹள்ளி நிற்கும் மண் அந்தப் பழைய பெம்பூர் வட்டாரத்தைச் சேர்ந்தது.

தமிழ்க் குடியேற்றம்

கி.பி. 1004 அளவில் சோழர் படை கங்கரின் தலைநகரான தலைக்காட்டைப் பிடித்ததும் கங்கவாடி சோழ மண்டலங்களில் ஒன்றாயிற்று. பெங்களூரின் கிழக்குப் பகுதி நிகரிலிச் சோழ மண்டலம் என்ற பெயரைப் பெற்றது. படைக்குப் பின்னால் வந்தவர்கள் நிலம் திருத்துபவர்கள். காடுகோடியில் உள்ள 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ராசராச வேளான் என்ற பட்டம் பெற்ற உள்ளூர்த் தலைவன் ஒருவன் பட்டந்தூர் ஏரியை அமைத்து, மதகு வைத்து, கோயில்களும் எடுத்ததைச் சொல்கிறது. ஏரி, மதகு, கோயில் என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நீர், பிறகு அதைத் திறந்துவிடும் வழி, அதன் பிறகு தெய்வம். கோயில் இருந்தால் தானம் வரும். தானம் வந்தால் ஏரியில் வண்டல் எடுக்கவும் கரை உயர்த்தவும் வழி பிறக்கும்.

1116இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். சோழர் போனார்கள், தமிழ் போகவில்லை. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூருக்குத் ‘தேசிமாணிக்கப்பட்டணம்’ என்று ஒரு பெயர் இருந்ததைக் கொண்டு அங்கே வணிகர் கூட்டம் தங்கியதை ஊகிக்கலாம். பொம்மனஹள்ளிக்கு வடக்கே நடந்து போகும் தொலைவில் உள்ள மடிவாளா சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெப்பூரைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த நிலக்கொடையை அது சொல்கிறது. அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் ‘வெங்கலூர்ப் பெரிய ஏரியின் கீழ்’ உள்ள நிலம் குறிப்பிடப்படுகிறது. நிலத்துக்கு அடையாளம் சொல்ல மன்னனின் கோட்டையைக் காட்டவில்லை, ஏரியைக் காட்டினார்கள் என்பது என் மனத்தில் நின்றுவிட்ட செய்தி. இன்று அந்தக் கோயிலைச் சுற்றி வெளியூர்ப் பேருந்துகளுக்குக் காத்திருக்கும் கூட்டம். சேலத்துக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் பெட்டியோடு நிற்கும் இடத்திலிருந்து சிறிது தூரத்தில், தம் மொழியில் 770 ஆண்டுப் பழைய எழுத்து சுவரில் இருக்கிறது.

ஹொய்சள நாடு இரண்டாகப் பிரிந்தபோது, தமிழ்ப் பகுதியை ஆண்ட இராமநாதன் ஓசூருக்கு அருகிலுள்ள குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டான். பின்னர் மூன்றாம் வல்லாளன் இரு பகுதிகளையும் ஒன்றாக்கினான். அடுத்து வந்த கைமாற்றங்களை விரைந்து கடக்கலாம்: 1537இல் கெம்பே கவுடர், 1638இல் பிஜாப்பூர்ப் படையோடு வந்து ஜாகீர் பெற்ற மராத்தியத் தலைவர் ஷாஹாஜி, 1687இல் மொகலாயர், சில ஆண்டுகளில் அவர்களிடமிருந்து 3 லட்சம் ரூபாய்க்கு ஊரை வாங்கிய சிக்கதேவராய உடையார். கெம்பே கவுடரின் முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று குடும்ப மரபு கூறுகிறது. அப்படியானால் நகரத்தைக் கட்டியவரே வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்.

ஓசூர்ச் சாலைப் போர்கள்

ஹைதர் காலத்தில் ஓசூர்ச் சாலை போர்ச்சாலை ஆயிற்று. 1768 நவம்பரில் ஹைதர் ஓசூரை முற்றுகையிட, அதை விடுவிக்க வந்த ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் வுட் தன் பெரும் பீரங்கிகளையும் தளவாடங்களையும் பாகலூரில் விட்டுச் சென்றார். ஹைதர் அவற்றை அள்ளிக்கொண்டார். 1791 மார்ச் 7இல் ஆங்கிலப் படைத் தலைவர் கார்ன்வாலிஸ் பெங்களூர்ப் பேட்டையையும் 21ஆம் தேதி இரவில் கோட்டையையும் பிடித்தார். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய படை தீனியும் மாடும் இல்லாமல் மே மாதம் திரும்பி வர வேண்டியதாயிற்று. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியான பாராமகாலிலிருந்து தானியமும் காளைகளும் ஏறி வர ஒரு வழி தேவைப்பட்டது. ஜூலையில் அவர் முதலில் கைப்பற்றியது ஓசூர், அடுத்து ராயக்கோட்டை. பொம்மனஹள்ளி வழியாகச் செல்லும் இந்தப் பாதை ஒரு படையின் வயிற்றுப்பாட்டுக்காகப் பிடிக்கப்பட்டது.

1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போயிற்று. ஓசூர்ப் பகுதி 1799 வரை திப்புவிடம் இருந்தது. திப்பு 1799 மே 4இல் வீழ்ந்ததும் ஓசூர் சென்னை மாகாணத்திலும் பெங்களூர் மைசூரிலும் சேர்க்கப்பட்டன. அந்தப் பங்கீட்டின் கோடுதான் இன்று அத்திப்பள்ளியில் சோதனைச்சாவடியாக நிற்கிறது. கல்வெட்டுக் காலத்தில் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கிய நிலம், ஒரு போரின் கணக்குத் தீர்ப்பில் இரண்டு மாநிலமாயிற்று.

சங்கிலியும் கேள்வித்தாளும்

வெற்றி பெற்றவர்களுக்கு, வென்றது என்ன என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள மூன்று பேரை அனுப்பினார்கள். பிரான்சிஸ் புக்கானன் 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு மே மாதம் பெங்களூர் சேர்ந்தார். பயிர், மாடு, ஏரி, நெசவு, சாதி என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அவருடைய பயண நூல் 1807இல் மூன்று தொகுதிகளாக வந்தது. இரண்டாமவர் காலின் மெக்கன்சி, மைசூர் நில அளவைக்குத் தலைவர். அவரிடம் வேலை பார்த்த ஜான் மேதர் முன்பே பாராமகாலை அளந்தவர். மெக்கன்சியின் வலது கையாக இருந்தவர் காவலி வெங்கட போரய்யா. 1803இல் அவர் இளம் வயதில் இறந்த பிறகு தம்பி லட்சுமய்யா தொடர்ந்தார். ஊர் ஊராய்ப் போய் முதியவர்களிடம் கதை கேட்டதும் கல்வெட்டு படியெடுத்ததும் இவர்களைப் போன்ற உள்ளூர்ப் புலமையாளர்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுப் படிகள் சேர்ந்தன. அத்தொகுப்பின் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. தொகுப்பு மெக்கன்சியின் பெயரில் வழங்குவது போல் போரய்யாவின் பெயரிலும் வழங்கியிருக்க வேண்டும்.

மூன்றாமவர் வில்லியம் லாம்டன். 1800 அக்டோபர் 14 முதல் டிசம்பர் 10 வரை பெங்களூர்ச் சமவெளியில் ஏழரை மைல் அளவுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. ஒவ்வொன்றும் இரண்டரை அடியாக 40 கண்ணிகள். சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானி பார்த்துப் பார்த்து, நீட்சிக்கு ஏற்பத் திருத்திக் கணக்குப் போட்டார்கள். ஒருநாள் வேலை சில நூறு அடிதான் நகரும். 1802இல் பரங்கிமலை அருகே இன்னோர் அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்குக் கடற்கரை வரை போனபோது, தீபகற்பம் வரைபடத்தில் இருந்ததைவிட 40 மைல் குறுகலானது என்று தெரிந்தது.

இங்கே உலகின் மறுபுறத்துக் குடியேற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்பானியர் வட அமெரிக்க எல்லைப்புறத்தில் 1598இல் நியூ மெக்சிகோவுக்கு வந்தார்கள். மறைப்பணி நிலையம், காவல்கோட்டை, குடியூர் என்ற மூன்றையும் நட்டார்கள். 1718இல் தொடங்கிய சான் அன்டோனியோவில் வாய்க்கால் வெட்டி நிலம் பாய்ச்சினார்கள். நியூ மெக்சிகோவிலும் அவர்கள் கண்டது வெற்று நிலமல்ல. புவெப்லோ மக்கள் முன்பே ஊர் அமைத்து மக்காச்சோளம் விளைத்துக்கொண்டிருந்தார்கள், 1680இல் எழுந்து ஸ்பானியரை 12 ஆண்டுகளுக்கு விரட்டியும் விட்டார்கள். பெங்களூரில் ஆங்கிலேயர் குடியானவர்களைக் கொண்டுவரவில்லை. அவர்கள் நட்டது படைமுகாம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்கு அஞ்சி 1809இல் படை அல்சூர்ப் பக்கம் வந்தது. கண்டோன்மென்ட் எனப்பட்ட இந்தப் படைமுகாமோடு வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள்: ஒப்பந்தக்காரர், கொத்தனார், தையற்காரர், சமையற்காரர், சிப்பாய். சோழர் காலத்தில் ஏரி வெட்டியவர்களின் வழியில் இவர்கள் படையின் பின்னால் வந்தார்கள். 1824இல் ஓசூர் மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்க்கும் பண்ணை அமைந்தது. ஆங்கிலேயர் நடத்திவந்த மைசூர் ஆட்சி 1881இல் மன்னரிடம் திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் கண்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947 ஜூலையில்தான் மைசூருக்கு மீண்டது.

குடியேற்றம் என்ற சொல்லுக்கு முழுப்பொருளில் பொருந்துவது ஒயிட்ஃபீல்டு. 1882இல் சாமராஜேந்திர உடையார், ஐரோப்பிய-இந்தியக் கலப்பு வழியினரான யூரேசியரின் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் கொடுத்தார். டேவிட் எம்மானுவல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட் அதன் தலைவர். ஆங்கில அரசின் அலுவலகங்களை மட்டும் நம்பியிராமல் தம் மக்கள் சொந்த நிலத்தில் உழுது வாழ வேண்டும் என்று அவர் விரும்பினார். உயர்ந்த கனவுதான். ஆனால் மேட்டுநிலத்தில் தண்ணீர் குறைவு, பழக்கமில்லாத தொழில். பலர் நகரத்துக்கே திரும்பினார்கள்.

இன்றைய பொம்மனஹள்ளி

பொம்மனஹள்ளியும் சுற்றுக் கிராமங்களும் ராகி, அவரை விளையும் ஊர்களாகவே இருபதாம் நூற்றாண்டின் பாதிக்கு மேல் நீடித்தன. 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை, 1978இல் ராம் கிருஷ்ண பாலிகாவின் முயற்சியில் கர்நாடக அரசின் மின்னணு நிறுவனமான கியோனிக்ஸ் 332 ஏக்கரில் தொடங்கிய எலக்ட்ரானிக் சிட்டி. இரண்டுக்கும் நடுவில் நகரத்துக்குள் நுழையும் வாசலாகப் பொம்மனஹள்ளி அமைந்தது. ஆயத்த ஆடை ஆலைகள் வரிசையாக வந்தன. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெண்களும் வட கர்நாடகப் பெண்களும் தையல் இயந்திரத்தின் முன் அருகருகே உட்கார்ந்தார்கள். 1995இல் நகரசபை, 2007இல் பெருநகர மாநகராட்சி, 2010இல் உயர்மட்டச் சாலை, 2025 ஆகஸ்ட் 10இல் மெட்ரோவின் மஞ்சள் தடம். கார்ன்வாலிஸின் காளைகள் ஏறி வந்த பாதைக்கு மேலே இப்போது இரயில் ஓடுகிறது.

பேகூரின் மண்கோட்டைச் சுவர் இன்னும் சில இடங்களில் நிற்கிறது. ஏரிகளும் இருக்கின்றன, சுருங்கி. மழை வலுத்தால் மடிவாளா ஏரி நிரம்பி அகரத்துக்கும், அங்கிருந்து பெல்லந்தூர், வர்த்தூருக்கும் நீர் போகிறது. பிறகு தென்பெண்ணையில் கலந்து, 1799இல் கிழித்த கோட்டைக் கடந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை நுரையோடு அடைகிறது.