பொருந்தலின் மணிகளும் பாறைகளும்: சண்முகநதிப் படுகைச் சிற்றூர் ஒன்றின் கனிம வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்திலுள்ள பொருந்தலில் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வு ஆயிரக்கணக்கான மணிகளையும் ‘வய்ர’ என்னும் தமிழ்ப் பிராமிப் பொறிப்பையும் வெளிக்கொணர்ந்தது. அம்மணிகளுக்குரிய மூலப்பொருளை அவ்வூரின் பாறைகள் தந்திருக்க இயலுமா என்பதை நிலவியல் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. சூதுபவளம், அகேட் முதலியன வெளியிலிருந்து வந்தவை என்றும், பொருந்தலுக்கு உரிமையாகச் சொல்லத்தக்க தொழில் கண்ணாடி சார்ந்ததே என்றும் இது வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பொருந்தல், சூதுபவளம், படிகக்கல், கண்ணாடி மணி, கொடுமணல், தமிழ்ப் பிராமி

ஊரும் அகழாய்வும்

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் பொருந்தல். ஊர்ப்பெயரைத் தாங்கிய பொருந்தலாறு, சண்முகநதிக்கு நீர் தரும் சிற்றாறுகளுள் ஒன்று. சண்முகநதி அமராவதியிற் கலக்கிறது. மதுரையிலிருந்து சேரநாட்டுக் கடற்கரையை நோக்கிச் சென்ற பழைய வழி இப்பகுதியைத் தொட்டுச் சென்றது. பழனிக்கு மேற்கேயுள்ள கலையமுத்தூரில் 1856இல் உரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தமை இவ்வழியின் பயன்பாட்டிற்குச் சான்றாகக் காட்டப்பெறுவதுண்டு.

சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே என்பர் அகழாய்வாளர். அவர் பாடிய புறநானூற்று 53ஆம் பாடலில் மணிகள் ஒளிவிடும் மாடம் பேசப்படுகிறது. ஆயின் அம்மாடம் விளங்கில் என்னும் ஊருக்குரியது. அப்பாடலைக் கொண்டு பொருந்தலின் மணிவளத்தை நிறுவ முயல்வது பொருந்தாது.

மலைத்தொடரின் ஈமச்சின்னங்கள் அறிஞர் கவனத்திற்கு வந்தது புதிதன்று. ஆங்கிலாடும் நியூட்டனும் பழனிமலைக் கற்பதுக்கைகளைப் பற்றி எழுதிய நூல் 1928இலேயே இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. எனினும் அடிவாரத்தில் ஈமக்காட்டையும் வாழ்விட மேட்டையும் ஒருசேர ஆராயும் வாய்ப்பினைத் தந்தது, புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் பொருந்தலில் நிகழ்ந்த அகழாய்வே.

ஈமக்காட்டில் முதலாவதாக அகழப்பெற்ற கற்பதுக்கையில் சூதுபவளம், மாக்கல், படிகக்கல், அகேட் ஆகியவற்றாலான ஏறத்தாழ 7,500 மணிகள் கிடைத்தன. நான்கு கால்களையுடைய சாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. ‘வய்ர’ எனப் பொறிக்கப்பெற்ற பிரிமனையும் அதே பதுக்கையைச் சேர்ந்ததாகும். வாழ்விட மேட்டின் நிலை வேறு. அங்கே மிகுதியாகக் கிடைத்தவை சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை எனப் பல நிறக் கண்ணாடி மணிகள். அவற்றின் எண்ணிக்கை 2,000க்கும் மேல். கண்ணாடி மணி செய்தற்குரிய உலை ஒன்றும் அடையாளம் காணப்பெற்றது.

இறந்தோரின் இடத்தில் கல்லும் வாழ்ந்தோரின் இடத்தில் கண்ணாடியும் மிகுந்து காணப்படும் இப்பகுப்பு, பொருந்தல் பற்றிய எழுத்துகளில் பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. நெல்லின் காலமும் எழுத்தின் காலமும் விவாதத்தை முழுவதுமாக ஈர்த்துக்கொண்டன.

பாறைகள் தருவன

நிலவியலார் மதுரைப் பாறைத்தொகுதி என வழங்கும் பரப்பினுள் பொருந்தல் அடங்குகிறது. தெற்கே சுவர்போல் எழும் பழனி மலைத்தொடர் பெரிதும் சார்னோக்கைட்டுப் பாறையால் ஆனது. கல்கத்தா நகரத்தைத் தோற்றுவித்தவராகக் கூறப்பெற்ற ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இவ்வினப் பாறையால் ஆனது என்பதால், 1893இல் தாமஸ் ஹாலந்து அப்பெயரை இட்டார். அப்பலகை சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதிக் கல் என்பர். அடிவாரத்திலிருந்து வடக்கே விரியும் சமவெளியில் நைஸ் பாறைகள் பரந்துள்ளன. அவற்றை ஊடறுத்துப் படிகக்கல் நரம்புகளும் பெக்மடைட்டு நரம்புகளும் ஓடுகின்றன. ஒட்டன்சத்திரத்தை ஒட்டி அனார்த்தோசைட்டு என்னும் வெளிர்நிறப் பாறை ஒரு பெருந்திரளாக அமைந்துள்ளது. கடவூர் மலைகளின் நடுவிலும் அவ்வினப் பாறையே உள்ளது.

இத்தொகுதி முழுவதும் பூமியின் ஆழத்தில் மிகுவெப்பத்திற்கு உட்பட்டு உருமாறிய ஒன்று. அவ்வுருமாற்றத்தின் இறுதிக்கட்டம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. வத்தலக்குண்டை அடுத்த கெங்குவார்பட்டிப் பகுதியின் சஃபிரின் தாங்கிய பாறைகள் உருமாற்றப் பாறையியலார் அறிந்தவை. பெயர் ஒற்றுமையால் இதனை நீலக்கல் எனக் கொள்ளலாகாது. நிறம் பற்றி இடப்பெற்ற பெயர் அது, கனிமம் வேறு.

இத்தகைய நிலத்தில் மணி செய்வோன் ஒருவன் எவற்றை எதிர்பார்த்திருக்கக்கூடும்? முதலாவது படிகக்கல். கொங்குப் பகுதியில் வெங்கச்சங்கல் என வழங்கும் வெண்ணிறக் கல் உழுத நிலங்களிலும் ஓடைகளிலும் எளிதிற் கிடைப்பது. மணி செய்வதற்கேற்ற தெளிவுடைய படிகம் அதனினும் அரிது எனினும் பெக்மடைட்டு நரம்புகளில் அமைவதுண்டு. அடுத்தது கருஞ்சிவப்பு நிறக் கார்னெட்டு. நைஸ், சார்னோக்கைட்டு ஆகிய இரண்டிலும் அது உண்டு. பதுக்கை மணிகளின் பட்டியலில் முதன்மை பெறும் நால்வகைக் கற்களுள் கார்னெட்டு இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சிவப்பு நிறத்தை விரும்பிய இம்மக்கள் அருகே கிடைத்திருக்கக்கூடிய சிவப்பை விடுத்துத் தொலைவிலிருந்து வந்த சிவப்பை நாடினர் எனலாம்.

சூதுபவளமும் அகேட்டும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளில் வளிக்குமிழ்கள் விட்டுச்சென்ற துளைகளில் சிலிக்கா படிந்து உருவானவை. இந்தியாவில் இவற்றின் பெருங்களம் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தக்காணக் கரும்பாறைப் பரப்பு. குஜராத்தின் ரத்தன்பூர் இன்றளவும் அறியப்பட்ட மூலம். அப்பரப்பில் தோன்றி ஓடும் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் கூழாங்கற்களிடையேயும் அகேட் வகைகள் உண்டு. ஆகவே குஜராத்து ஒன்றையே மூலமாகக் கொள்ளுதல் தேவையில்லை. கிருஷ்ணைப் படுகையும் இணையான வாய்ப்புடையதே. எவ்வாறாயினும் மதுரைப் பாறைத்தொகுதியில் அக்கரும்பாறைப் பரப்பு இல்லை. இக்கற்கள் பொருந்தலுக்கு நெடுந்தொலைவு பயணம் செய்தே வந்தன என்பதில் ஐயமில்லை.

மாக்கல்லின் நிலை இடைப்பட்டது. கல்சட்டி கடையப் பயன்படும் அம்மென்கல் சேலம் பகுதியில் இன்றும் கிடைக்கிறது. கன்னட நாட்டிலும் மிகுதி. பொருந்தலுக்கு வந்தது எவ்விடத்துக் கல் என்பதைத் தனிமங்களின் பகுப்பாய்வே கூறவியலும்.

கொடுமணல் என்னும் அளவுகோல்

ஓர் ஊரில் மணிகள் கிடைப்பதையும் அவ்வூரில் மணித்தொழில் நிகழ்ந்ததையும் ஒன்றாகக் கொள்ளும் போக்கு தமிழ் வரலாற்றெழுத்தில் பரவலாக உள்ளது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண உதவும் அளவுகோல் நொய்யல் ஆற்றின் வடகரையிலுள்ள கொடுமணல். பதிற்றுப்பத்து (67, 74) அருங்கலங்களோடு இணைத்துப் பேசும் கொடுமணம் இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து. 1985இல் தொடங்கி அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் முற்றுப்பெற்ற மணிகள் மட்டுமன்றி மூலக்கற்களும், உடைத்தெறிந்த சில்லுகளும், பாதி உருப்பெற்று நின்றவையும், துளையிடும்போது உடைந்தவையும் கிடைத்தன. மணித்தொழிலை மெய்ப்பிப்பவை இக்கழிவுகளே.

கொடுமணலைச் சூழ்ந்த நிலவியலும் இதற்கு இசைவானது. படியூரின் பெக்மடைட்டு நரம்பில் பெரில் என்னும் நீலப்பச்சைக் கல் உண்டு. 1819-20 காலத்தில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்குச் சுரங்கம் நடத்தி ஈராயிரத்திற்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார் எனக் குடியேற்றக்காலப் பதிவுகள் கூறும். சிவன்மலைப் பகுதியின் குருந்தம் தாங்கிய சயனைட்டுப் பாறைகளைக் குறித்து ஹாலந்து 1901இல் தனிநூலே எழுதினார். நீலக்கல் குருந்த இனத்தது. இவ்வாறு மூலமும் கழிவும் முற்றிய பொருளும் ஒரே வட்டாரத்தில் அமைவதால் கொடுமணல் பெரில், நீலக்கல், படிகம் ஆகியவற்றின் தொழிற்களம் என்பது உறுதிப்படுகிறது. அதே கொடுமணலில் ஒரு கல்லறையில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அவற்றின் மூலக்கல் அவ்வட்டாரத்ததன்று. தன் நிலத்தில் மணிக்கல் செழித்த ஊரும் இறந்தோர்க்கு வெளிநாட்டுச் சிவப்பையே குவித்தது.

இவ்வளவுகோலைப் பொருந்தலில் பொருத்தினால், பதுக்கையின் 7,500 மணிகள் அவ்வூரின் கனிம வளத்தைக் காட்டவில்லை. அவ்வூரார் எவற்றை விலைகொடுத்துப் பெறவல்லவர் என்பதையே காட்டுகின்றன. படிகக்கல் மணிகள் மட்டுமே இதற்கு விலக்காகலாம்.

கண்ணாடி: நிலம் தராததைத் தந்தது

பொருந்தலின் சொந்தத் தொழிலுக்குச் சான்று தேடுவோர் வாழ்விட மேட்டிற்கே திரும்ப வேண்டும். உலையும் மணிகளும் அங்கே உடன்கிடக்கின்றன. ஆயினும் உலை ஒன்று இருந்தது என்பதாலேயே கண்ணாடி அங்கு ஆக்கப்பெற்றது எனக் கூறிவிட இயலாது. மணலையும் உவர்ப்பொருளையும் உருக்கிக் கண்ணாடி ஆக்குவது ஒரு தொழில். ஆக்கிய கண்ணாடிக் கட்டியை மீண்டும் இளக்கி மணியாக இழுப்பது மற்றொரு தொழில். முன்னதற்கு நெடுநேரம் தாங்கும் பெருவெப்பம் வேண்டும். பின்னதற்குச் சிற்றுலை போதும். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை நிகழ்ந்த குழாய் இழுப்பு முறையை அரிக்கமேட்டுச் சான்றுகளோடு ஒப்பிட்டே பீட்டர் பிரான்சிசு முதலியோர் பழந்தொழிலை விளக்கினர்.

கண்ணாடிக் கட்டி முசிறிக்கு இறக்குமதியானதை எரித்திரியக் கடற் பெரிப்ளஸ் குறிப்பிடுகிறது. முசிறியிலிருந்து உள்நாடு நோக்கிய வழியில் அமைந்த ஊருக்கு அக்கட்டி எட்டியிருக்கலாம். மறுபுறம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் பழங்கண்ணாடியில் அலுமினா மிகுந்த ஒருவகை பெருவழக்கு. அது ஃபெல்ஸ்பார் கலந்த மணலையும் நிலத்தில் பூக்கும் உவர்மண்ணையும் கொண்டு உள்நாட்டிலேயே ஆக்கப்பெற்றது. நைஸ் பாறை சிதைந்து உருவாகும் ஆற்றுமணலில் ஃபெல்ஸ்பார் மிகுதி. பொருந்தலாற்று மணலும் அவ்வகைப் பாறைநிலத்திலிருந்து வருவதே. இவ்விரு வாய்ப்புகளுள் எது மெய் என்பதை மணிகளின் வேதியியல் கூறும். எதுவாயினும், பாறை தராத நிறங்களை உலை தந்தது. சிவப்புக் கண்ணாடியைச் சூதுபவளத்தின் எளிய மாற்றாகவும் பச்சையை, நீலத்தைப் பெரிலின் மாற்றாகவும் கருத இடமுண்டு. இந்தியர் படிகத்திற்குச் சாயமேற்றிப் பெரில் போன்ற கற்களைப் போலியாகச் செய்யவல்லவர் என முதல் நூற்றாண்டு உரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருப்பது, இம்மாற்றுப்பொருள் நாட்டம் வணிக உலகம் அறிந்ததே என்பதைக் காட்டும்.

‘வய்ர’

இப்பின்னணியில்தான் பிரிமனையின் சொல்லை அணுக வேண்டும். ‘வய்ர’ என்பதை வயிரக்கல் எனக் கா. ராஜன் விளக்கினார். நெல்மணிகளின் காலம் ஏ.எம்.எஸ். முறையில் அமெரிக்காவின் பீட்டா ஆய்வகத்தில் கி.மு. 490 எனக் கணிக்கப்பெற்றது. இரண்டாம் மாதிரி கி.மு. 450 எனக் காட்டியது. தமிழ்ப் பிராமியின் தொன்மை இதனால் அசோகருக்கு முன் செல்கிறது என்பது அவர் துணிபு. ஒரு கணிப்பைக் கொண்டு முடிவுகட்டலாகாது என ஐராவதம் மகாதேவன் தொடக்கத்திலேயே எச்சரித்தார். சொல் வடமொழி வஜ்ர என்பதன் பிராகிருத வடிவின் வழியே தமிழுக்கு வந்தது என்பதும் காலத்தைப் பற்றிய வினாவைக் கூர்மையாக்குகிறது.

நிலவியல் இவ்வழக்கைத் தீர்க்காது. எனினும் ஒரு வாய்ப்பை அது அடைக்கிறது. வயிரத்தை மேலே கொணரும் கிம்பர்லைட்டுப் பாறைகள் பழமையான, தடித்த வேர்கொண்ட நிலத்தட்டுகளில் அமைவன. அனந்தப்பூர்ப் பகுதியின் வஜ்ரகரூர் தார்வார் நிலத்தட்டில் உள்ளது. மிகுவெப்பத்தில் உருமாறிய மதுரைப் பாறைத்தொகுதி அத்தகையதன்று. எனவே ‘வய்ர’ உள்ளூர்க் கனிமத்தின் பெயராக இருத்தற்கு இடமில்லை. சொல்லும் கல்லைப் போலவே வடக்கிலிருந்து வந்தது.

அது கல்லையே சுட்டியது எனக் கொண்டால், அணிகலனைவிடக் கருவியை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகலாம். அரிக்கமேடு உள்ளிட்ட இடங்களின் கடினக் கல்மணிகளைக் கோரெலிக்கும் குவின்னெட்டும் ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரை, வயிர முனைத் துளைப்பான்களின் பயன்பாட்டை எடுத்துக்காட்டியது. பொருந்தற் பதுக்கையின் சூதுபவள மணித் துளைகளை மின்னணு நுண்ணோக்கியில் நோக்கி, அவற்றின் உட்சுவர்க் கீறல்கள் வயிர முனைக்கு உரியனவா எனக் காணலாம். அச்சான்று கிடைப்பினும் மணிகள் வெளியில் துளையிடப்பெற்று வந்தன என்னும் வாய்ப்பு எஞ்சி நிற்கும்.

இவற்றினும் எளிய விளக்கம் ஒன்று உண்டு. கொடுமணல் முதலிய ஊர்களின் பானையோடுகளில் பொறிக்கப்பெற்றவற்றுள் மிகப் பல ஆட்பெயர்கள். கலத்தின் உடைமையைச் சுட்டுவன. பிரிமனை என்பது கலத்தைத் தாங்கும் வளையம். அதன்மேல் எழுதப்பெற்ற பெயர் அக்கலத்துக்குரியவரின் பெயராகவோ பெயரின் பகுதியாகவோ இருத்தல் இயல்பு. அவ்வாறாயின் பொருந்தலில் வயிரம் என ஒன்று இருந்ததில்லை. வயிரத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர் இருந்தார். அவருடன் புதைக்கப்பெற்ற கற்களுள் சூதுபவளமும் அகேட்டும் பொருந்தலின் மண்ணிற் பிறந்தவை அல்ல.