திருப்பூர் வட்டாரத்தில் ஆவாரை

ஆவாரை என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்ட குறுஞ்செடி. ஆவாரம், ஆவிரை ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. இந்தியா, இலங்கை, மியான்மர் ஆகிய நாடுகளின் வறண்ட பகுதிகளில் தானாக வளர்கிறது. மழை குறைந்த திருப்பூர், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் காணப்படும் இச்செடி, இன்று வீட்டு மூலிகைத் தோட்டங்களிலும் வளர்க்கப்படுகிறது.

சங்க இலக்கியத்தில்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறிய வருவதை மடலேறுதல் என்பர். அந்த மடல் குதிரைக்கு ஆவிரைப் பூமாலை அணிவிக்கப்பட்டதைக் குறுந்தொகை குறிப்பிடுகிறது. எவரும் பயிரிடாமல் எங்கும் பூத்த மலராகவே இது அக்காலத்தில் இருந்துள்ளது.

தோல் பதனிடும் பட்டை

ஆவாரம் பட்டையில் 18 விழுக்காடு வரை துவர்ப்புப் பொருள் உண்டு. இது பச்சைத் தோலைக் கெடாத தோலாக மாற்றும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்கு ஏற்றுமதியான பதனிட்ட தோல்களுக்கு இப்பட்டையே முதன்மை மூலப்பொருள். ஊர்ப்புறங்களில் செடிகளை வெட்டிப் பட்டை உரித்து விற்பது ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு வருவாயாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமியம் கொண்டு பதனிடும் முறை அறிமுகமானது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டையும் இறக்குமதியானது. இவற்றால் ஆவாரம் பட்டையின் தேவை படிப்படியாகக் குறைந்தது.

காப்புக்கட்டு

வணிகத்தில் மதிப்பிழந்த பின்னும் கொங்கு நாட்டு வழக்கத்தில் ஆவாரை நிலைத்தது. மார்கழியின் கடைசி நாளில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டு வாசல், மாட்டுக் கட்டுத்தறி, கிணறு, வயல் ஆகிய இடங்களில் வைப்பர். இது காப்புக்கட்டு எனப்படும். முன்பு வீட்டுப் பிள்ளைகள் காட்டுக்குச் சென்று பறித்து வந்த இவற்றை, நகரங்களில் இன்று பொங்கலுக்கு முன் சந்தைகளில் விலைக்கு வாங்குகின்றனர்.

நிலமும் நீரும் மாறியது

1920களில் திருப்பூரில் தொடங்கிய பின்னலாடைத் தொழில், 1980களுக்குப் பின் ஏற்றுமதியால் பெருவளர்ச்சி கண்டது. ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகத் தரிசு நிலங்கள் குறைந்தன. சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்திற்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளும் உப்பாகின. கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பறிக்கும் இடம் தூய்மையானதா என்று பார்க்க வேண்டிய நிலை இவ்வாறு உருவானது. கழிவுநீர் பாய்ந்த கரைகளிலும் வாகனப் புகை படியும் சாலையோரங்களிலும் பூக்கும் ஆவாரையை உணவுக்குப் பறிப்பது நல்லதல்ல. வீட்டில் வளர்ப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

வீட்டில் வளர்த்தல்

விதையின் தோல் கடினமானது. எனவே விதைகளின் மேல் வெந்நீர் ஊற்றி ஓரிரவு ஊறவைத்து, மழைக்காலத் தொடக்கத்தில் விதைப்பது நல்லது. நேரடி வெயில் தேவை. நீர் தேங்கக் கூடாது. வேரூன்றிய பின் அதிக நீர் வேண்டியதில்லை. பூத்து ஓய்ந்த கிளைகளைக் கவாத்து செய்தால் புதுத் துளிர் வரும். இதன் தழை, உவர் நிலத்தைச் சீர்ப்படுத்தும் பசுந்தழை உரமாகவும் பயன்பட்டுள்ளது.

மூலிகைத் தேநீராக விற்பனைக்கு வரும் சீமைச்சாமந்தி ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்டது. அது குளிர்ந்த பருவத்தை விரும்புவதால் கொங்குச் சமவெளியின் கோடையைத் தாங்குவது கடினம். ஐரோப்பிய வீடுகளில் சீமைச்சாமந்திக்கு உள்ள இடத்தை இங்கு ஆவாரம்பூ வகிக்கிறது எனலாம்.

பயன்பாடு

பூக்களை நிழலில் உலர்த்தி, சிறிதளவு எடுத்து நீரில் கொதிக்கவைத்து வடிகட்டிப் பருகுவர். சுவைக்குக் கருப்பட்டி சேர்ப்பதுண்டு. பாசிப்பயற்று மாவுடன் உலர்ந்த பூவை அரைத்துக் குளியல் பொடியாகப் பயன்படுத்துவர். இலங்கையில் இச்செடி ரணவரா எனப்படுகிறது; அதன் பூத் தேநீர் அங்கு நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. சித்த மருத்துவத்தில் ஆவாரை, கொன்றை, நாவல், மருதம்பட்டை முதலியவை சேர்ந்த ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்கு வழங்கப்படுகிறது. ஆவாரை பூத்திருக்கும் இடத்தில் சாவு நெருங்காது என்ற பொருளில் ஒரு பழமொழியும் உண்டு.

எச்சரிக்கை

பழமொழி கூறும் அளவிற்கு ஆய்வுச் சான்றுகள் இல்லை. 2002இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆவாரம்பூச் சாறு நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. எலிகளில் கண்ட பலன் மனிதரிலும் அப்படியே கிடைக்கும் என்று கொள்ள முடியாது. 2004இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில், ஆவாரைத் தேநீர் கொடுக்கப்பட்ட எலிகளின் இரத்தத்தில் கார்பமசெபைன் என்னும் வலிப்பு மருந்தின் அளவு கூடியது. எனவே நீரிழிவு, வலிப்பு நோய்களுக்கு மருந்து உண்பவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதனைத் தொடர்ந்து பருகக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு இத்தேநீரை மட்டும் நம்புவது ஆபத்தானது.