பசளைத் தடைகள் இரண்டு

இலங்கையின் அண்மைக்கால வரலாற்றில் இரசாயனப் பசளை இரு தடவைகள் தடைசெய்யப்பட்டது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில், வெடிபொருள் செய்ய உதவக்கூடும் என்ற காரணத்தினால் யூரியாவும் அகப்பட்டுக்கொண்டது. அடுத்தது, 2021 மே மாதம் வர்த்தமானி மூலம் நாடு முழுவதற்கும் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை. முன்னதைப் பல்கலைக்கழக மாணவனாகக் கண்டேன். பின்னதைப் பத்திரிகையாளனாக எழுதினேன். சேதன வேளாண்மை பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் ஒப்புநோக்குவது பயன்தரும்.

வற்றாத ஆறு எதுவுமற்ற யாழ். குடாநாட்டில் நெல் என்பது மானாவாரிப் பயிரே. ஆவணி, புரட்டாதியில் புழுதியில் விதைத்து, மாரிமழையை நம்பியிருந்து, தை, மாசியில் அறுப்பது காலபோகம். மழை பொய்த்தால் போட்ட முதல் திரும்பாது. ஆகவே எமது முன்னோர் முதலைக் குறைத்தே கமம் செய்தனர். பூவரசு, காவிளாய் முதலியவற்றின் குழையை வெட்டி மண்ணில் புதைத்தனர். தோட்டங்களில் பனையோலையைத் தாட்டனர். அறுவடை முடிந்த வயலில் ஆடுமாடுகளைப் பட்டியடைத்தனர். சணல் விதைத்து உழுதுவிட்டனர். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லினங்கள் குறைந்த பசளையிலும் விளைந்தன. அவற்றின் நீண்ட வைக்கோல் மாட்டுக்குத் தீனியாயிற்று; மாடு அதை எருவாக வயலுக்குத் திருப்பித் தந்தது.

இதனைப் பொற்காலம் எனக் கொள்வதும் தவறு. விளைச்சல் சொற்பமே. பிரித்தானியர் ஆட்சியில் நாடு பர்மா அரிசியையும் இந்திய அரிசியையும் நம்பியிருந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் கைக்குச் சென்றபோது அரிசிக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்தப் பசி நினைவிலிருந்த காலத்திலேதான் 1958 இல் எச்-4 என்ற புதிய நெல்லினமும், 1962 இல் பசளை மானியமும் வந்தன. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளரைச் செழிக்கச் செய்தது. பிற்காலத்தில் செறிவாகப் பயிரிடப்பட்ட பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டின.

1990 இன் தடை கொடியது, விளைச்சல் குறையாமலில்லை. எனினும் பல வீடுகளில் மாடு நின்றது. வேலியில் பூவரசு நின்றது. குழை தாட்டுப் பழகிய முதியவர்கள் உயிரோடிருந்தனர். விட்ட வழக்கத்தை மீளத் தொடங்க அவர்களுக்குக் கையிருப்பு இருந்தது.

2021 இல் அந்தக் கையிருப்பு கரைந்துவிட்டிருந்தது. உழவு மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்திருந்தது. 2009 வரையான இடப்பெயர்வுகளில் வன்னி மக்கள் தம் கால்நடைகளைப் பெருமளவில் இழந்திருந்தனர். விதையோ பசளையை எதிர்பார்க்கும் விதை. ஒரு மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதனை ஈடுசெய்ய ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அத்தனை எருவுக்குச் சிறு கமக்காரன் எங்கே போவான்? 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டுகளில் நிறைவேற்றுவதாகக் கூறப்பட்ட மாற்றம் ஒரே வர்த்தமானியில் திணிக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டினதைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்துவிட்டது.

இதனால் சேதன வேளாண்மை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவோரை நான் ஏற்பதில்லை. 2021 இல் சேதன வேளாண்மை செய்யப்படவில்லை. பசளை மட்டுமே நிறுத்தப்பட்டது. மாடு, மேய்ச்சல் தரை, குழைமரம், சணல் விதை, மண்ணுக்கேற்ற நெல் ஆகியன முதலில் வரவேண்டும். பசளை மூடை படிப்படியாகக் குறைவது அதன் பின்னரே. வானம் பார்த்த பூமியில் ஒரு போகம் பிழைத்தால் கடனாளியாகிறவன் கமக்காரன். பரிசோதனையின் நட்டத்தை அவன் தலையில் மட்டும் சுமத்தும் எந்தத் திட்டமும், அதன் நோக்கம் எத்துணை நல்லதாயினும், அவனுக்கு அநீதியே.