மருந்துத் துறை மருத்துவப் பயிற்சி

மருந்து தயாரிக்கும் நிறுவனங்களில் சேரும் மருத்துவர்களுக்கான முறையான பட்ட மேற்படிப்புப் பயிற்சி. அமெரிக்காவில் இது ஃபெலோஷிப் என்ற பெயரில் நடக்கிறது. பிரிட்டனில் 2002 முதல் இருதயவியல், நரம்பியல் போலத் தனிச் சிறப்புத் துறையாகப் பதிவு பெற்றுள்ளது. புதிய மருந்தை மனிதரிடம் பரிசோதிக்கத் திட்டமிடுவது, பக்கவிளைவுகளைக் கண்காணிப்பது, அரசின் அனுமதிக்கான ஆவணங்களைத் தயாரிப்பது, விளம்பரத்தில் வரும் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் உண்டா என்று பார்ப்பது ஆகியவை இதன் பாடங்கள்.

மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் தன் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பொறுப்பு. நிறுவனத்தில் இருப்பவரோ ஒருநாளும் நேரில் பார்க்கப் போகாத லட்சக்கணக்கானோருக்குப் பொறுப்பு. சம்பளமோ அந்த மருந்தை விற்பவரிடமிருந்து வருகிறது. இந்த இக்கட்டுக்கு மருத்துவ உலகம் கண்ட விடைதான் இந்தப் பயிற்சி. நிறுவனத்துக்கு வெளியே ஒரு பாடத்திட்டம், ஒரு தேர்வு, ஒரு பதிவேடு என்று அது உருப்பெற ஏறத்தாழ 100 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றின் பெரும்பகுதி பிரிட்டனில் நடந்தது.

ஒதுக்கப்பட்ட காலம்

1904-இல் ஹென்றி டேல் என்ற இளம் மருத்துவர் லண்டனில் இருந்த வெல்கம் உடலியங்கியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மருந்து வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஹென்றி வெல்கம் 1894-இல் நிறுவிய ஆய்வகம் அது. வணிகனிடம் வேலைக்குப் போனால் அறிஞன் என்ற பெயர் போய்விடும் என்று நண்பர்கள் தடுத்தார்கள். டேல் கேட்கவில்லை. ரை, கோதுமை போன்ற தானியப் பயிர்களின் கதிரில் பிடிக்கும் எர்காட் என்ற பூஞ்சையை ஆராயும்படி வெல்கம் கேட்டுக்கொண்டார். அந்த ஆய்விலிருந்துதான் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற உடல் வேதிப்பொருள்களைப் பற்றிய அடிப்படை உண்மைகளுக்கு டேல் வழி கண்டார். 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் அங்கிருந்த காலத்தில் நடந்த ஒரு தகராறு இந்தக் கட்டுரைக்கு மிகவும் பொருந்துவது. ஆய்வுக் கட்டுரையில் ‘அட்ரினலின்’ என்று எழுதக் கூடாது, அது போட்டி நிறுவனமான பார்க்-டேவிஸின் வணிகப் பெயர் என்று நிர்வாகம் தடை சொன்னது. உடலியங்கியலாளர் எல்லோரும் வழங்கும் சொல்லைத்தான் எழுதுவேன் என்று டேல் உறுதியாக நின்றார். முடிவில் அவர் எண்ணமே வென்றது. நிறுவனத்தின் சம்பளக்காரராக இருந்துகொண்டே அறிவுலகத்தின் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க முடியும் என்பதற்கு இது முதல் சான்றுகளில் ஒன்று. ஆனால் டேலுக்கு அந்தத் துணிவு அவருடைய சொந்தப் படிப்பிலிருந்தும் குணத்திலிருந்தும் வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரியோ சங்கமோ இல்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதவு வெளிப்படையாகவே சாத்தப்பட்டது. 1908-இல் மருந்தியலாளர் ஜான் ஜேக்கப் ஏபெல் முன்னின்று தொடங்கிய அமெரிக்க மருந்தியல் சங்கம், மருந்து நிறுவனங்களில் நிரந்தரப் பணியில் இருப்போர் உறுப்பினராக முடியாது என்று தன் விதியிலேயே எழுதிவைத்தது. அந்த விதி 1941-இல்தான் நீங்கியது. சர்வரோக நிவாரணி என்று பெயரிட்டு எதையும் பாட்டிலில் அடைத்து விற்ற காலத்தில் அந்த ஐயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதன் விளைவு கேடாகவே முடிந்தது: நிறுவனத்துக்குள் போன மருத்துவர், தவறைச் சுட்டிக்காட்டும் சக அறிஞர்களின் தொடர்பையும் இழந்தார்.

இதற்கு விலக்காக நின்றது இண்டியானாபொலிஸ் நகரம். 1923-இல் இன்சுலினைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்த எலி லில்லி நிறுவனம், 1926-இல் அந்நகரப் பொது மருத்துவமனைக்குள்ளேயே ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. ஆய்வுக்கூடமும் வார்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. மருந்தை உருவாக்குவோர் நோயாளிக்கு அருகிலேயே இருந்தார்கள். இத்தகைய ஏற்பாடு அப்போது அரிது.

இரண்டு பேரிடர்கள்

1937-இல் அமெரிக்காவில் மாசன்கில் நிறுவனம் சல்ஃபானிலமைடு மருந்தைத் திரவமாக்க டை-எத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றது. சுவையும் நிறமும் மணமும் சரிபார்க்கப்பட்டன, நச்சுத்தன்மை பார்க்கப்படவில்லை. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே, விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிறுவனம் காட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்தச் சான்றைத் திரட்ட மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். நிறுவனங்களில் மருத்துவப் பிரிவுகள் பெருகின. சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி என்று எதுவும் இல்லை. முன்னால் சேர்ந்தவர் செய்வதைப் பார்த்து அடுத்தவர் கற்றுக்கொண்டார்.

அப்படிக் கற்றதன் விலை தாலிடோமைடு என்ற தூக்க மருந்தின் விவகாரத்தில் தெரிந்தது. 1957-இல் ஜெர்மனியில் குருனென்தால் நிறுவனமும், 1958-இல் பிரிட்டனில் டிஸ்டில்லர்ஸ் நிறுவனமும் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தன. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் பல்லாயிரம் குழந்தைகள் கை கால் குறைபாட்டுடன் பிறந்தார்கள். 1961 இறுதியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்காவில் அனுமதி கேட்டு விண்ணப்பித்தது மெரல் நிறுவனம். அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் அந்தக் கோப்பைப் பார்த்த ஃபிரான்சிஸ் கெல்சி, ஆதாரம் போதாது என்று மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார். அவரும் மருத்துவப் பட்டம் பெற்றவர். அதோடு மருந்தியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்தது என்பது பின்னாளில் நீதிமன்றச் சாட்சியத்தில் வெளிவந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாலிடோமைடு தொல்லை தராது என்று ஒரு மகப்பேறு மருத்துவரின் பெயரில் 1961-இல் ஆய்விதழில் வந்த கட்டுரையை எழுதியவர், நிறுவனத்தின் மருத்துவ ஆய்வு இயக்குநரே. அனுமதிக்கு முன்பே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களின் கையில் மாத்திரைகள் ‘ஆய்வுக்காக’ என்று கொடுக்கப்பட்டிருந்தன; யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற குறிப்புகூடப் பல இடங்களில் இல்லை. மேசையின் இருபுறமும் மருத்துவர்கள்தான் இருந்தார்கள். ஒருவருக்குச் சான்றை எடைபோடும் பயிற்சியும், ‘இல்லை’ என்று சொல்ல இடம் தரும் பதவியும் இருந்தன. இவ்விரண்டும் நிறுவன மருத்துவருக்கும் வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைத்த பாடம்.

1962-இல் அமெரிக்கச் சட்டம் இறுகியது. மருந்து வேலை செய்கிறது என்பதையும் முறையான பரிசோதனையால் காட்ட வேண்டியதாயிற்று. பிரிட்டனில் 1963-இல் டெரிக் டன்லப் தலைமையில் மருந்துப் பாதுகாப்புக் குழுவும், 1964-இல் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கும் மஞ்சள் அட்டை முறையும், 1968-இல் மருந்துச் சட்டமும் வந்தன.

சங்கத்திலிருந்து பதிவேடு வரை

பிரிட்டிஷ் நிறுவன மருத்துவர்கள் 1957-இலேயே தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ‘மெடிக்கல் அட்வைசர்’ என்பது அன்று அவர்களின் பதவிப் பெயர். வெளியிலிருந்த மருத்துவர்களின் பார்வையில் அவர்கள் கோட்டு போட்ட விற்பனையாளர்கள்; நிறுவனத்தின் பார்வையில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். இரண்டு பார்வையையும் மாற்றத் தேர்வு ஒன்றே வழி என்று சங்கத்தினர் உணர்ந்தது அவர்களின் தொலைநோக்கு. 1970-களில் கார்டிஃப் நகரில் பட்ட மேற்படிப்பு வகுப்புகள் தொடங்கின. 1976-இல் ராயல் மருத்துவக் கல்லூரிகள் மருந்துத் துறை மருத்துவத்தில் டிப்ளமோ தேர்வு நடத்த முன்வந்தன. நூற்றாண்டுகளாக மருத்துவரின் தகுதியை நிர்ணயித்துவந்த அந்தக் கல்லூரிகள் தங்கள் பெயரில் சான்றிதழ் தந்தது பெரிய திருப்பம். நிறுவனத்தின் தயவு இல்லாமல், வெளியார் நடத்தும் தேர்வில் தோற்கவும் வெல்லவும் முடிந்தது.

1989-இல் எடின்பரோ, கிளாஸ்கோ, லண்டன் ஆகிய மூன்று ராயல் கல்லூரிகளும் சேர்ந்து இத்துறைக்கென ‘ஃபேகல்ட்டி ஆஃப் ஃபார்மசூட்டிக்கல் மெடிசின்’ என்ற அமைப்பைத் தோற்றுவித்தன. 1990-களில் பிரிட்டனின் சிறப்புத் துறைப் பயிற்சி முழுவதும் திருத்தி அமைக்கப்பட்டபோது, பயிற்சியின் முடிவில் சான்றிதழ் பெற்றவரே சிறப்பு மருத்துவர் என்ற நிலை வந்தது. 2002-இல் மருந்துத் துறை மருத்துவமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

பயிற்சி 4 ஆண்டு. முதலில் சில ஆண்டுகள் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். நேரே கல்லூரியிலிருந்து வர முடியாது. இது சரியான நிபந்தனை என்றே சொல்ல வேண்டும்: மூச்சுத்திணறலுடன் வந்தவரைப் பார்த்திராதவருக்கு அறிக்கையில் உள்ள ‘மூச்சுத்திணறல்’ வெறும் சொல். சேர்ந்தபின் பயிற்சியாளர் நிறுவனத்தின் ஊழியராகவே சம்பளம் பெறுகிறார். வழிகாட்டுபவரும் பெரும்பாலும் நிறுவன மருத்துவரே. ஆனால் பாடத்திட்டத்தை வகுப்பதும், ஆண்டுதோறும் தேர்ச்சியை மதிப்பிடுவதும் வெளியே உள்ள அமைப்புகள். மருந்து ஒழுங்குமுறை, மருத்துவமனைசார் மருந்தியல், புள்ளியியல், பரிசோதனைத் திட்டம், மருந்துச் சந்தை, பாதுகாப்புக் கண்காணிப்பு, நிர்வாகம் என்பவை பகுதிகள்.

கண்காணிப்புப் பகுதியில் இருக்கும் பயிற்சியாளரின் மேசைக்குப் பரிசோதனை மையங்களிலிருந்து அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். மாத்திரை எடுத்த மூன்றாம் நாள் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. மருந்தாலா, முன்பே இருந்த கல்லீரல் நோயாலா, கூடவே சாப்பிட்ட வேறு மருந்தாலா? எதிர்பாராத கடும் விளைவு, மருந்தால் இருக்கலாம் என்று தோன்றினால், அது உயிருக்கு ஆபத்தானதாக இருக்கும்போது 7 நாளுக்குள்ளும் மற்றவற்றில் 15 நாளுக்குள்ளும் அரசுக்குத் தெரிவிப்பது ஐரோப்பிய விதி. விளம்பரப் பகுதிக்கு மாறினால் வேலை வேறு மாதிரி. மெடிக்கல் ரெப் கையில் கொண்டுபோகும் துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் வரிவரியாகப் படிக்கப்படும். 1958-இல் முதலில் வெளியான பிரிட்டிஷ் மருந்துத் தொழிலின் நடத்தை விதிகள் இன்றும் திருத்தப்பட்டு வழக்கில் உள்ளன: ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லை எல்லை குறிக்காமல் எழுதக் கூடாது, ‘புதிய’ என்ற சொல்லை 12 மாதத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. விற்பனைப் பிரிவு அவசரப்படுத்தும்போது அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பக் கற்பதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. அதற்கு மனத்துணிவு வேண்டும். தன் பதிவு நிறுவனத்தின் கையில் இல்லை என்ற உறுதி அந்தத் துணிவைத் தருகிறது.

நார்த்விக் பார்க், 2006

2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இருந்த தனியார் பரிசோதனைக் கூடத்தில், டி.ஜி.என்.1412 என்ற மருந்து முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. நலமாக இருந்த 8 தன்னார்வலர்களில் 6 பேருக்கு மருந்து, 2 பேருக்கு மருந்தற்ற திரவம். ஒருவருக்குக் கொடுத்துப் பொறுத்துப் பார்க்காமல், சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து எல்லோருக்கும் ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்குள் ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். பல உறுப்புகள் செயலிழந்தன. அனைவரும் உயிர் பிழைத்தாலும் ஒருவர் கால் விரல்களையும் கை விரல்களின் நுனிகளையும் இழந்தார். கார்டன் டஃப் தலைமையிலான வல்லுநர் குழு அந்த ஆண்டின் இறுதியில் தந்த அறிக்கை, முதல் முறை மருந்து செலுத்தும்போது ஒவ்வொருவருக்கும் இடையே போதிய நேரம் விட வேண்டும் என்றதோடு, அப்பரிசோதனையை நடத்தும் மருத்துவரின் பயிற்சியையும் வலியுறுத்தியது. மனித மருந்தியலுக்கென ஃபேகல்ட்டி தனித் தகுதிப் படிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. முதற்கட்டப் பரிசோதனைக் கூடங்களுக்கு அரசின் அங்கீகாரத் திட்டமும் 2008-இல் வந்தது.

பிற நாடுகள்

சுவிட்சர்லாந்தும் மெக்சிகோவும் 1999-இலும், அயர்லாந்து அதன்பின்னும் இதைச் சிறப்புத் துறையாக ஏற்றன. பாசல் பல்கலைக்கழகத்தில் 1991 முதல் நடக்கும் ஐரோப்பியப் படிப்பில், ரோஷ், நோவார்ட்டிஸ் போன்ற நிறுவனங்களின் தலைமையகங்கள் இருக்கும் அதே ஊரில், நிறுவன மருத்துவரும் அரசு அதிகாரியும் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள்.

உலகின் மிகப் பெரிய மருந்துச் சந்தையான அமெரிக்காவில் தனிச் சிறப்புத் துறை என்ற தகுதி கிடைக்கவில்லை. மருத்துவர்கள் பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவமனைசார் மருந்தியல் ஃபெலோஷிப்பை முடித்து நிறுவனத்துக்குப் போகிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1954-இல் லூயிஸ் லசாக்னா தொடங்கிய பிரிவு இந்த மரபின் தொடக்கம். நிறுவனங்கள் தாமே நடத்தும் ஃபெலோஷிப்புகளும் உண்டு. அவற்றின் தரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. மருந்தாளுநர்கள் இதில் முந்திக்கொண்டார்கள்: ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கிய மருந்துத் துறை ஃபெலோஷிப் இன்று பல நிறுவனங்களுடன் இணைந்து நடக்கிறது.

இந்தியாவில் மருந்துத் துறை மருத்துவத்துக்குத் தனிப் பதிவு இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் எம்.டி. மருந்தியல் படித்தவர்களும், மும்பை கே.இ.எம்., சண்டிகர் பி.ஜி.ஐ. ஆகியவற்றில் டி.எம். மருத்துவமனைசார் மருந்தியல் முடித்தவர்களும் நிறுவனங்களில் சேர்ந்து அங்கேயே வேலையைக் கற்கிறார்கள். மருத்துவப் பரிசோதனைகளுக்கான விதித்தொகுப்பான அட்டவணை ஒய் 2005-இல் திருத்தப்பட்டபின் வெளிநாட்டு நிறுவனங்களின் பரிசோதனைகள் இங்கே பெருகின. 2019-இல் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் அந்த அட்டவணையின் இடத்தைப் பிடித்தன. அதற்கு முன் 2016-இல் அட்டவணையில் வந்த திருத்தம், ஒவ்வொரு மருந்து நிறுவனமும் பக்கவிளைவுக் கண்காணிப்பு அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்றும், அதன் பொறுப்பில் பயிற்சி பெற்ற மருத்துவரோ மருந்தாளுநரோ இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பயிற்சிக்கு நாடு முழுவதற்குமான பொதுத் தேர்வு அமைக்கப்படவில்லை.