"அம்மாச்சி, தமிழ்ல இதெல்லாம் உண்டா?"

 

கோடை விடுமுறைக்கு மடவார் வளாகம் வந்த பேத்தி, பையில் துணியை விட அதிகமாக ஆங்கில நாவல்களைக் கொண்டுவந்தாள். ஒன்று ரொமான்ஸ், ஒன்று ஃபேன்டசி, இன்னொன்று டிஸ்டோபியாவாம். முதல் இரண்டும் புரிந்தன. மூன்றாவதற்கு விளக்கம் கேட்டேன். "எல்லாம் ஒழுங்கா நடக்கிற மாதிரி இருக்கும் அம்மாச்சி. ஆனா மனுஷன் மனுஷனா வாழ முடியாது. அப்படி ஒரு நாட்டைப் பத்தின கதை" என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "தமிழ்ல இதெல்லாம் உண்டா?" என்றும் கேட்டுவிட்டாள்.

வரலாறு நடத்தியவளுக்கு ரோஷம் வராதா? இரண்டு மாதமாகப் பழைய புத்தகங்களைத் தேடித் திரும்பப் படித்தேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் புத்தகம் நாவல் இல்லை, காவியம். ஆனால் கதை நடப்பது நம் ஊரில். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய 'ஆமுக்த மால்யதா'. சூடிக் கொடுத்தவள் என்று பொருள். ஆண்டாளின் காதலும் கல்யாணமும்தான் கதை. அரங்கனையே மணப்பேன் என்று ஒரு பெண் பிடிவாதமாக நின்றதை விடப் பெரிய காதல் கதை ஏது? கலிங்கப் படையெடுப்பின்போது கனவில் பெருமாள் வந்து எழுதச் சொன்னதாக ராயரே சொல்கிறார். தெலுங்கின் ஐம்பெருங் காவியங்களில் இதுவும் ஒன்று.

அதில் வில்லிபுத்தூரை அவர் வர்ணிக்கும் இடத்தில் ஒரு காட்சி. விடியற்காலையில் வாய்க்காலில் வாத்துகள் தலையை இறகுக்குள் செருகித் தூங்குகின்றன. குளிக்க வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன துணி என்று நினைத்துக் காவல்காரர்கள் எடுக்கப் போகிறார்கள். வாத்துகள் பறந்துவிடுகின்றன. வயல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். நம் ஊர் வாய்க்கால்களை இன்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இதுவும் ஃபேன்டசியாகத்தான் தெரிகிறது!

உண்மையான ஃபேன்டசியும் உள்ளே இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த மாலதாசரி, திருக்குறுங்குடிக்குப் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசனிடம் மாட்டிக்கொள்கிறார். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு தின்றுகொள் என்று சத்தியம் செய்கிறார். சொன்னபடியே வரவும் செய்கிறார். முற்பிறவியில் அந்தணனாக இருந்த அந்த ராட்சசனுக்குக் கடைசியில் விமோசனம் தருவது அவர் பாடிய பாட்டின் பலன்தான். நம்பாடுவான் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். யார் உயர்ந்தவர் என்ற கேள்வியை ஒரு பேய்க் கதைக்குள் வைத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள்.

இதைத் தமிழில் தந்தவர் பக்கத்து ராஜபாளையத்துக்காரர், பன்மொழிப் புலவர் மு.கு.ஜகந்நாத ராஜா. சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர்.

நம் ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பென்னிங்டன் நூலகம் இங்கே தொடங்கியது 1875ல். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879ல். நாவல் வரும் முன்பே நாம் நூலகம் கட்டிவிட்டோம்.

ஆனால் நாவல் வந்ததும் கூடவே ஒரு பயமும் வந்தது. கதைப் புத்தகம் படித்தால் பெண் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்ற பயம். வை.மு.கோதைநாயகிக்குக் குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம். பள்ளிப் படிப்பு இல்லை. முதல் படைப்பை அவர் வாயால் சொல்லத் தோழி எழுதினார். அந்த அம்மாள்தான் பிறகு 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். பயந்தவர்கள் பயந்துகொண்டே இருக்க, படித்தவர்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்படிப் பயந்தவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்லத்தான் இரண்டாவது புத்தகம்.

நா.பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்'. நம் மாவட்டத்து நதிக்குடியில் 1932ல் பிறந்தவர். மணிவண்ணன் என்ற பெயரில் கல்கியில் தொடராக எழுதினார். படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயர் வைத்தார்கள். என் வகுப்பிலேயே இரண்டு பூரணிகள் இருந்தார்கள்.

1988 என்று நினைவு. எட்டாம் வகுப்பு. வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்து ஒரு பெண் இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். வகுப்பின் முன்னால் நிற்கவைத்துப் பேசினேன். அதோடு நிற்காமல் அவள் அப்பாவிடமும் சொன்னேன். அது வாடகை நூலகத்துப் புத்தகம் என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று ராத்திரி அந்த நாவலை விடிய விடிய நான் படித்தேன். அரவிந்தன் இறக்கும் இடத்தில் அழுதேன். காலையில் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திருப்பிக் கொடுக்கவில்லை.

போன வருஷம் ஆடிப்பூரத் தேரன்று மேல வீதியில் ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளேதான். தையல் வேலை பார்க்கிறாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், இப்போதும் கதை படிக்கிறாயா என்று. "அன்னிக்கு புத்தகத்துக்கு அப்பா பணம் கட்டினாரு டீச்சர். இனிமே கதைப் புத்தகத்தைத் தொட்டா ஸ்கூல் கிடையாதுன்னுட்டாரு. அப்படியே விட்டுப் போச்சு" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது புத்தகம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்தது. பேத்தி சொன்ன டிஸ்டோபியா இதுதான். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பெயருக்கு இரண்டே எழுத்து. பிள்ளை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். நிலா என்ற பெண் காணாமல் போன கணவனைத் தேடுகிறாள். துணைக்கு ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படித்துப் படித்துச் சொந்தமாக யோசிக்கத் தொடங்கிவிடும் நாய் அது. முடிவைச் சொல்ல மாட்டேன். 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. அந்த வருஷங்களை நாம் தாண்டிவிட்டோம். கேள்வி கேட்காமல் எல்லாவற்றுக்கும் எண்ணைக் கொடுத்து வரிசையில் நிற்கும்போது எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வருகிறது.

இந்த முறை படித்தபோது இன்னொன்றும் உறைத்தது. யார் என்ன படிக்கலாம் என்று தீர்மானித்த அன்று, என் வகுப்பறையில் நானும் ஒரு சின்ன ஜீவாதான்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இப்போது அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். உங்கள் பிள்ளை பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்திருந்தால் பிடுங்காதீர்கள். எத்தனாம் பக்கம் என்று கேளுங்கள். முடித்ததும் வாங்கி நீங்களும் படியுங்கள்.

அந்த மாணவிக்கு: இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் ஒரு நாள் வீட்டுக்கு வாம்மா. வைத்தியநாதர் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். உன் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. நீ விட்ட பக்கத்தில் மடித்த ஓரம் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்