ரூட்மாஸ்டர் பேருந்து

ரூட்மாஸ்டர் என்பது லண்டன் நகரத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட இரட்டை மாடிப் பேருந்து. முன்னால் பாதி அகலத்துக்கு ஓட்டுநர் அறை, அதன் பக்கத்தில் இயந்திரம், பின்னால் கதவில்லாத ஏறுதளம், உள்ளே கண்டக்டர் என்பது அதன் அமைப்பு. 1954 முதல் 1968 வரை 2,876 வண்டிகள் கட்டப்பட்டன. ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஓடினால் போதும் என்ற கணக்கில் உருவான இந்த வண்டி, பயணிகளை ஏற்றத் தொடங்கிய 1956-லிருந்து 2005 டிசம்பர் வரை லண்டனின் வழக்கமான தடங்களில் ஓடியது. வடிவமைப்பு அவ்வளவு சிறப்பானது, மக்களும் வண்டியை அவ்வளவு நேசித்தார்கள் என்பதுதான் பழைய பேருந்து ஆர்வலர்கள் இந்த நீண்ட ஆயுளுக்குப் பெரும்பாலும் சொல்லும் காரணம். இரண்டும் பொய்யில்லை, ஆனால் அவை மட்டும் போதா. வண்டியை ஐம்பது ஆண்டு ஓட வைத்தவை பணிமனையும் கண்டக்டரின் உழைப்பும், அதன் இடத்துக்கு வந்த வண்டிகளின் தோல்வியும்தான். ஆர்வலர்கள் சேர்த்து வைத்திருக்கும் பதிவுகளையே கவனமாகப் படித்தால் இது விளங்கும். அந்தப் பதிவுகள் எதைக் காத்தன, எதைக் கைவிட்டன என்பதும் இந்த வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதியே.

வண்டியின் பிறப்பில் போர்க்காலத்துக்குப் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் போக்குவரத்து வாரியம் வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து 710 ஹாலிபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. தகட்டையே சுமைதாங்கும் எலும்பாக்கும் அலுமினிய வேலை அப்போது பழகியது. போருக்குப் பின் ஏ.ஏ.எம். டுரண்ட் தலைமையில், காலின் கர்ட்டிஸ் போன்ற பொறியாளர்களும் தோற்றத்தை வகுத்த டக்ளஸ் ஸ்காட்டும் சேர்ந்து, தனி சேஸிஸ் இல்லாத அலுமினிய உடலை உருவாக்கினார்கள். முந்தைய ஆர்.டி. வகைப் பேருந்தில் 56 இருக்கைகள், ரூட்மாஸ்டரில் 64. எடை கூடவில்லை. பவர் ஸ்டீயரிங், தானியங்கி கியர், முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் எல்லாம் அன்றைய பேருந்துக்கு ஆடம்பரம். 1954-இல் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட ஆர்.எம்.1, 1956 பிப்ரவரி 8 அன்று இரண்டாம் எண் தடத்தில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றியது. இயந்திரப் பகுதி சௌத்தாலில் ஏ.இ.சி. நிறுவனத்திலும் உடல் பார்க் ராயலிலும் தயாராயின. 1959 முதல் 1962 வரை வந்த முதல் பெரிய தொகுதியின் வேலை, லண்டனின் டிராலி பஸ்களை அகற்றி அவற்றின் இடத்தைப் பிடிப்பது. பின்னர் நடுவில் ஏறத்தாழ இரண்டரை அடித் துண்டு ஒன்றைச் செருகி வண்டியை நீட்டினார்கள். 72 இருக்கை கொண்ட ஆர்.எம்.எல். வகை அப்படி வந்தது.

நீண்ட ஆயுளின் உண்மையான இரகசியத்தை லண்டனுக்கு வடக்கே ஆல்டன்ஹாமில் தேட வேண்டும். நிலத்தடி ரயிலின் டெப்போவாகத் திட்டமிடப்பட்டு, அந்தப் பாதை கைவிடப்பட்டதால் போர்க்காலத்தில் விமான வேலைக்குப் போய், 1950-களில் பேருந்துப் பணிமனையான இடம் அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியும் அங்கே வரும். உடலைக் கிரேனில் தூக்கித் தனியே எடுப்பார்கள். இயந்திரமும் சக்கரங்களும் கொண்ட அடிப்பகுதிகள் ஒரு பக்கம் போகும், உடல் மறு பக்கம் போகும். அடிப்பக்க அழுக்கைச் சுத்தம் செய்ய, முழு உடலையும் ராட்சதச் சட்டம் ஒன்றில் பூட்டிப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள். முடிவில் எது தயாராக இருக்கிறதோ அந்த உடலும் அந்த அடிப்பகுதியும் சேரும். வண்டி உள்ளே வந்ததும் அதன் எண்ணும் பதிவுத் தகடும், அன்று வேலை முடிந்து வெளியேறும் வேறொரு வண்டிக்குப் போய்விடும். உரிமக் கட்டணம் கட்டிய எண் ஒரு நாள்கூடச் சும்மா நிற்கக் கூடாது என்பது கணக்கு. ஆகவே 1960-இல் ஓர் எண்ணோடு ஓடிய உடல், 1970-இல் வேறு எண்ணோடு வேறு டெப்போவில் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கட்டிய ஏறத்தாழ 250 வண்டிகளில் மேல்மாடி முன் கண்ணாடி திறக்காது. பிறகு கட்டியவற்றில் திறக்கும். பெரிய எண் எழுதிய வண்டியில் திறக்காத கண்ணாடி இருந்தால் அது பழைய உடல் என்று ஆர்வலர்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள்.

சிறு வயதில் தம் தெருவில் ஓடிய அதே வண்டியைத்தான் இப்போது பேரணியில் பார்க்கிறோம் என்று நெகிழ்வோர் பலர். ஆல்டன்ஹாம் முறையின்படி பார்த்தால் அது பெரும்பாலும் அதே எண் மட்டுமே. அப்படியானால் பாதுகாக்கப்பட்ட வண்டி எதுவும் அசல் இல்லை, ஆர்வலர் நினைவு முழுக்கக் கற்பனை என்று ஒருவர் வாதிக்கலாம். அந்த வாதம் நிற்காது. உறுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் இந்த வண்டியின் இயல்பான வாழ்க்கை. மாறாத ஒரு ரூட்மாஸ்டர் இருந்தால் அது பணி செய்யாத வண்டியாகத்தான் இருக்கும். தவிர, உடல் மாறிய செய்தியே நமக்குத் தெரிவது ஆர்வலர்களால்தான். 1943-இல் தொடங்கிய பி.எஸ்.வி. சர்க்கிள், 1964-இல் தொடங்கிய லண்டன் ஆம்னிபஸ் டிராக்‌ஷன் சொசைட்டி போன்ற அமைப்புகளின் உறுப்பினர்கள், எந்த வண்டி எந்த நாளில் எந்த டெப்போவுக்கு மாறியது என்று அன்றன்றே குறித்து வைத்தார்கள். இயன் ஆலன் நிறுவனத்தின் சிறு கையேடுகளில் பார்த்த எண்ணுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டு டெப்போ வாசலில் நின்ற பையன்களின் வேலை வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். ஆனால் அது சம்பவ நேரத்தில் எழுதிய சாட்சியம். நாற்பது ஆண்டு கழித்துச் சொல்லும் நினைவு தவறலாம். அந்த நோட்டு அவ்வளவு எளிதில் தவறாது. நினைவைச் சரிபார்க்கும் கருவியை அதே கூட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது. இந்தப் பெருமையை வேறு எந்த ஏக்கக் கூட்டத்துக்கும் எளிதில் தர முடியாது.

அடுத்தது மாற்று வண்டிகளின் கதை. ஓட்டுநரே சீட்டு கொடுக்கும் ஒற்றை ஆள் பேருந்துகளுக்கு மாறுவது 1960-களின் இறுதியில் லண்டன் நிர்வாகத்தின் கொள்கையாயிற்று. கண்டக்டர் சம்பளம் மிச்சமாகும்; ஆள் பற்றாக்குறையும் அப்போது கடுமையாக இருந்தது. 1971 முதல் டி.எம்.எஸ். வகை டைம்லர் பிளீட்லைன் பேருந்துகள் 2,646 வந்தன. அவை ஆல்டன்ஹாமின் பிரித்துச் சேர்க்கும் முறைக்கு ஒத்துவரவில்லை. கதவும் கியரும் அடிக்கடி பழுதாயின. நெரிசலான நிறுத்தத்தில் ஒவ்வொருவரும் ஓட்டுநரிடம் காசு கொடுத்து ஏறுவதற்குள் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பத்தாண்டுக்குள் அவற்றை விற்கத் தொடங்கிவிட்டார்கள். பெற்றோர் பிள்ளைக்குக் கொள்ளி வைத்தது போல, புதிதாக வந்தவை போய்ப் பழையது நின்றது. இதை ரூட்மாஸ்டரின் வெற்றியாக மட்டும் சொல்வது பாதி உண்மை. அதன் உடல் நன்றாக இருந்தது உண்மைதான். ஆனால் அதைப் பிரித்துச் சேர்த்துப் பராமரிக்கும் தொழிற்சாலை ஒன்று பின்னணியில் இருந்தது, டி.எம்.எஸ்.-க்கு அப்படி ஒன்று இல்லை. ஆல்டன்ஹாம் 1986-இல் மூடப்பட்ட பிறகும் ரூட்மாஸ்டர் பிழைத்ததே என்று கேட்கலாம். பிழைத்தது, ஆனால் பழைய நிலையில் இல்லை. 1982 முதலே வண்டிகள் கழிக்கப்பட்டு எண்ணிக்கை சுருங்கிவிட்டது. எஞ்சிய நீளவகை வண்டிகளுக்கு 1990-களில் கம்மின்ஸ், இவெகோ இயந்திரங்களும் புதிய உள் அலங்காரமும் தர வேண்டியிருந்தது. நீடித்தது வடிவம், அதை நீடிக்க வைக்கும் செலவை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கட்டியது.

வண்டியின் பணி வாழ்வில் ஆர்வலர் ஏடுகள் மிகக் குறைவாகப் பேசும் பகுதி கண்டக்டர். ஓட்டுநர் முன்னறையில் தனியே அடைபட்டிருப்பார். அவரோடு பேச கண்டக்டருக்கு இருந்த மொழி மணி ஒன்றே. ஒரு மணி அடித்தால் அடுத்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்பலாம், மூன்று அடித்தால் வண்டி நிறைந்துவிட்டது, நிற்காமல் போ என்று பொருள். மார்பில் தொங்கும் கிப்சன் டிக்கெட் இயந்திரத்தை லண்டன் போக்குவரத்து 1953-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டு அது நீடித்தது. கட்டணத்துக்கேற்பச் சிறு சக்கரங்களைத் திருப்பிக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால், வெற்றுத் தாள் சுருளில் கட்டணம் அச்சாகி வரும். பாதை முடியும்போது இயந்திரத்தின் எண்ணிக்கையைக் கணக்குத் தாளில் பதிய வேண்டும். பணம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. ஓடும் வண்டியில், குறுகலான படியில், ஒரு நாளில் எத்தனை முறை மேலும் கீழும் ஏறி இறங்குவது? நிறுத்தத்தில் வண்டி சில நொடிகளே நின்று கிளம்பியதற்குக் காரணம் கதவில்லாத தளம் மட்டுமன்று. காசு வாங்கும் வேலை வண்டி ஓடும்போதே நடந்துகொண்டிருந்ததும்தான். ரூட்மாஸ்டரின் வேகம் என்று புகழப்படுவதில் பெரும்பங்கு கண்டக்டரின் கால்களுடையது.

அந்தக் கால்கள் யாருடையவை என்பதும் வரலாறு. உள்ளூரில் ஆள் கிடைக்காமல் லண்டன் போக்குவரத்து 1956-இல் பார்படோஸ் தீவுக்கே போய் வேலைக்கு ஆள் எடுத்தது. கப்பல் கட்டணம் கடனாகத் தரப்பட்டுப் பின்னர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. 1966-இல் டிரினிடாடிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் நேரடியாக ஆள் சேர்த்தது. ரூட்மாஸ்டர் சாலைக்கு வந்த அதே ஆண்டில் தொடங்கிய இந்த ஆள்சேர்ப்பு இல்லாமல், இரண்டு பணியாளர் தேவைப்படும் வண்டியை இத்தனை காலம் ஓட்டியிருக்க முடியாது. ஆனால் லண்டனில் ஒரு பெண் பேருந்து ஓட்டுநராக வர 1974 ஆயிற்று. போர்க்காலங்களில் பெண்களைக் கண்டக்டராக வைத்துக்கொண்ட நிர்வாகம்தான் அது. ஆர்வலர்கள் கண்டக்டர்களை மறந்துவிடவில்லை, அவர்களின் கேலிப் பேச்சையும் சீருடையையும் அன்போடு நினைக்கிறார்களே என்பது இதற்கு எதிர்வாதம். அன்பு உண்டு, ஆனால் பதிவில் சமமின்மையும் உண்டு. ஒரு வண்டியின் ஒவ்வொரு டெப்போ மாற்றமும் தேதியோடு கிடைக்கிறது. அதில் முப்பது ஆண்டு வேலை செய்தவரின் பணி அட்டவணையும் கூலியும் ஓய்வு நாள்களும் அப்படிக் கிடைப்பதில்லை. எண் எழுதிய பலகை டெப்போ வாசலில் நின்றவன் கண்ணில் பட்டது. கூலிச் சீட்டு படவில்லை. ஆகவே இதை ஆர்வலர்களின் குற்றமாக அல்லாமல், அவர்களின் சாட்சியத்தின் எல்லையாகவே கொள்ள வேண்டும்.

லண்டன் கழித்த ரூட்மாஸ்டர்கள் 1980-களில் ஸ்காட்லாந்து உள்ளிட்ட பிற இடங்களுக்குப் போயின. போட்டி நிறுவனங்கள் மலிவாக வாங்கிக் கண்டக்டரோடு ஓட்டின. இலங்கைக்கும் சில போயின. அங்கே இது புதுமையன்று. 1958 ஜனவரி முதல் நாள் நாட்டுடைமையாகிப் பிறந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை, ரூட்மாஸ்டருக்கு முந்தைய ஆர்.டி. குடும்ப மாடி பஸ்களை லண்டனிடமிருந்து பழையதாக வாங்கி ஓட்டியிருக்கிறது. அந்த வண்டிகளின் இரண்டாம் வாழ்க்கையைப் பற்றி பிரிட்டன் ஏடுகளில் வரும் பத்தி சிறிது. லண்டனை விட்டுப் போனதும் வண்டி செத்ததாகக் கணக்கிடும் பழக்கம் அவற்றில் இருக்கிறது.

லண்டனில் ரூட்மாஸ்டரின் பணிக்காலம் முடிந்ததற்கு இரண்டு மாற்றங்கள் காரணம். முதலாவது சட்டம். 1995-இல் வந்த மாற்றுத்திறனாளர் பாகுபாட்டுத் தடைச் சட்டம், சக்கர நாற்காலி ஏற முடியாத பேருந்துக்கு ஒரு காலக்கெடு வைத்தது. உயர்ந்த தரையும் குறுகிய படியும் கொண்ட வண்டியை எந்தப் புதுப்பிப்பும் அதற்கேற்ப மாற்றிவிடாது. இரண்டாவது மாற்றத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 2003-இல் ஆய்ஸ்டர் என்ற மின்னணுப் பயண அட்டை வந்தது. அதே ஆண்டில் நடு லண்டனில் ஏறும் முன்பே சீட்டு வாங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஓடும் வண்டியில் காசு வாங்கும் வேலைக்கு இனி அவசியமில்லை; கண்டக்டரால் கிடைத்த நேர மிச்சத்தை அட்டையும் கொடுத்தது. இரண்டே ஆண்டில், 2005 டிசம்பர் 9 அன்று, 159-ஆம் எண் தடத்தில் கடைசி வண்டி ஆர்.எம்.2217 பிரிக்ஸ்டன் டெப்போவுக்குள் நுழைந்தது. மக்கள் நேசம் அன்று உச்சத்தில் இருந்தது. டிராவிஸ் எல்பரோ எழுதிய ‘தி பஸ் வி லவ்ட்’ நூல் அதே ஆண்டு வந்தது. நேசம்தான் வண்டியைக் காத்தது என்றால் 2005-இல் அது போயிருக்கக் கூடாது. போக்குவரத்து நிர்வாகத்துக்கு மனசாட்சி இல்லை என்று குற்றம் சாட்டுவோர், படியேற முடியாமல் ஐம்பது ஆண்டு நிறுத்தத்திலேயே நின்றவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய பேருந்துகளைக் காக்கும் இயக்கம் இந்த வழியனுப்பலைவிட மூத்தது. 1956-இல் டி.31 என்ற பழைய ஏ.இ.சி. பேருந்தை ஆர்வலர் குழுவொன்று சொந்தப் பணத்தில் வாங்கியது. லண்டன் பேருந்து ஒன்றைத் தனியார் காத்த முதல் முயற்சி அது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட ரூட்மாஸ்டர்கள் எஞ்சியிருக்கின்றன. திருமண ஊர்வலத்துக்கும் சுற்றுலாவுக்கும் ஓடுபவை பல. 1943-இல் ராணுவத்துக்காகக் காலி செய்யப்பட்ட இம்பர் கிராமத்துக்கு 2009 முதல் ஆண்டுக்கு ஒரு நாள் பழைய பேருந்துகளை ஓட்டுகிறார்கள். நினைவு எதை வைத்துக்கொண்டது, எதை விட்டது என்பதற்கு இன்னும் தெளிவான ஆதாரம் 2012-இல் வந்த ‘நியூ ரூட்மாஸ்டர்’. ஹெதர்விக் ஸ்டூடியோ வடிவமைத்த இந்தப் பேருந்துகள் ஏறத்தாழ ஆயிரம் வாங்கப்பட்டன. பின்புற ஏறுதளமும் வளைந்த உருவமும் பழைய பெயரும் திரும்ப வந்தன. சில தடங்களில் தளத்தைப் பார்த்துக்கொள்ள உதவியாளரும் நின்றார், ஆனால் அவர் சீட்டு கொடுப்பவர் இல்லை. செலவு தாங்கவில்லை என்று 2016-இல் அந்த வேலையையும் நிறுத்திவிட்டார்கள். பின்பக்கத் தளம் இப்போது பயண நேரத்தில் கதவடைத்தே ஓடுகிறது.