என்பெழு நிணநீர்ப்புற்று: நூற்பாவும் உரையும்

என்பே முதலாய் எழுந்த நிணநீர்ப்புற்றைத் திசுக்கண்டே துணிக. துணிந்தபின் அரியாது மருந்தான் அடக்குக. நிழல் எஞ்சினும் நோயென மயங்கற்க.

என்பே முதலாய் எழுந்த என்பது, நிணநீர்க்கணுவிலோ மண்ணீரலிலோ தோன்றி என்பிற் பரவியதை விலக்கிற்று, ஏகாரம் பிரிநிலை. ஓர் என்பிற் கட்டியிருந்து அணித்தாய கணு வீங்கினும், பல என்பிற் கண்டு கணுவும் உள்ளுறுப்பும் தூயவாயினும், இதன்பாற்படும். தொடையெலும்பே பெரும்பான்மை. நிணநீர்ப்புற்று என வெளிப்படக் கூறினார், முன்னோர் இதனை ரெட்டிகுலம் செல் சார்கோமா என வழங்கினமையின். ஓபர்லிங் 1928இல் குறித்ததனைப் பார்க்கரும் ஜாக்சனும் 1939இல் தனிநோயாக நிறுவினர்.

திசுக்கண்டே துணிக: ஏகாரம் தேற்றம். எக்ஸ்ரேயில் என்பின் புறணி பெரிதும் அழியாது நிற்ப, எம்.ஆர்.ஐ.யில் மஜ்ஜை முழுதும் மாறிப் புறத்தே கட்டி திரண்டிருத்தலும் உண்டு. இம்முரண் ஐயமே தரும், துணிவு தாராது. என்னை? யூயிங் சார்கோமாவும், பிற உறுப்பினின்று பரவிய புற்றும், கிருமியால் வரும் என்பழற்சியும் இவற்றோடு ஒத்துத் தோன்றுமாகலின். பயாப்சியிற் பெரும்பாலன டிஃபியூஸ் லார்ஜ் பி-செல் எனும் வகையாம். அதன் அடையாளமாகிய சிடி20 எனும் புரதம் நிறமேற்றலிற் புலப்படும். என்புத்துண்டில் அணுக்கள் நசுங்கிக் கெடுதலும் உண்டாகலின், வேண்டுமளவு எடுக்க. 'கண்டே' என்றதனான், காண்டற்குமுன் ஸ்டீராய்டு கொடுத்தல் ஆகாதென்பதூஉம் பெற்றாம்; அஃது அணுக்களைக் கரைத்துத் திசுவைப் பொய்யாக்கும். வலியால் துடிப்பார்க்கு இரங்கிக் கொடுப்பாரும் உளர். அவ்விரக்கம் நோயையே மறைத்துவிடும்.

அரியாது மருந்தான் அடக்குக: பிறிதோர் என்புப்புற்றாகிய ஆஸ்டியோசார்கோமாவுக்கு அரிதல் இன்றியமையாதது, இதற்கு அது வேண்டா. மருந்து என்றது ஆர்-சாப் எனும் ஐந்தின் கூட்டு: ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசோலோன். 21 நாளைக்கு ஒருகால், பெரும்பாலும் 6 சுற்று. மேல் விலக்கிய ஸ்டீராய்டு ஈண்டுப் பிரெட்னிசோலோனாய் மருந்தாயிற்று, காலவேறுபாடு நோக்குக. சிலர்க்குக் கதிர்வீச்சும் பின்வரும். முறிந்த என்பிற்குக் கம்பியிடுதல் இதனோடு மாறுகொள்ளாதோ எனின், கொள்ளாது, அது தாங்குதற்பொருட்டு.

நிழல் எஞ்சினும்: நிழல், ஸ்கேனிற் காணும் மாற்றம். உம்மை எதிர்மறை, எஞ்சாமையும் உண்டு. என்பு தன்னைத் திருத்திக்கொள்ளுங் காலம் நெடிதாகலின், புற்று ஒழிந்தும் எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் மாதக்கணக்கில் நிற்கும். பெட் ஸ்கேன் உயிர்ப்புற்ற புற்றையும் தழும்பையும் ஒருவாறு பிரிக்கும். ஆறும் என்பும் சிறிது ஒளிருமாகலின், ஐயுற்றவிடத்து மீண்டும் திசுவே காண்க.